தாலாட்டு முதல் தள்ளாத வயது வரை

இசையால் நோய் தீருமா? தீராது என்பதே நேர்மையான பதில். ஆனால் நோயாளி படும் பாட்டைக் குறைக்கவும், இழந்த சில ஆற்றல்களை மீட்கவும் இசை துணை செய்கிறது என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1944ஆம் ஆண்டிலேயே இதற்கெனப் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. நோயாளிக்கு முன்னால் வானொலியைத் திறந்து விடுவது இசைச் சிகிச்சை ஆகாது. பயிற்சி பெற்ற ஒருவர், நோயாளியின் நிலை அறிந்து, ஒரு நோக்கத்தோடு இசையைக் கையாள்வதே இசைச் சிகிச்சை.

2013ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 11 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 272 குறைமாதக் குழந்தைகள் இடம்பெற்றனர். பெற்றோருக்குப் பிடித்த பாடலைத் தாலாட்டாக மெதுவாகப் பாடியபோது குழந்தைகள் பால் உறிஞ்சுவது மேம்பட்டது. பெற்றோரின் மனப்பதற்றமும் குறைந்தது. பாட்டு நம் நாட்டுத் தாய்மாருக்குப் புதிதல்ல. ஆனால் சத்தம் முக்கியம். குறைமாதக் குழந்தைகளின் பிரிவில் ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் பரிந்துரை.

தாய்க்கும் பாட்டு மருந்தாகலாம். பிள்ளை பெற்றபின் மனச்சோர்வுக்குள்ளான 134 தாய்மாரை இங்கிலாந்தில் ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குழந்தையோடு கூடிப் பாடிய தாய்மார் மற்றவர்களைவிட விரைவாகத் தேறினர். பத்து வார முடிவில் எல்லாப் பிரிவினருமே தேறியிருந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் கைக்குழந்தையோடு அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு நான்கு வாரம் முந்தித் தேறுவது சின்ன விஷயமா?

பாரிசவாதத்தால் பேச்சை இழந்தவர்களின் கதைதான் எல்லாவற்றிலும் வியப்பானது. 'தண்ணீர்' என்ற ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் தவிக்கும் அம்மம்மா, பழைய தேவாரம் ஒன்றைத் தடையின்றிப் பாடிவிடுவார். "பாட முடிகிற மனிசிக்குப் பேச முடியாதாமோ, நடிக்கிறா" என்று வீட்டார் முகம் சுளிப்பதும் உண்டு. அது நடிப்பல்ல. பேச்சைப் பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் ஆள்கிறது. பாட்டில் வலப்பக்கத்துக்கும் பெரும் பங்குண்டு. இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் பேச்சு போகும், பாட்டு எஞ்சி நிற்கும்.

இதை வைத்தே பொஸ்டன் நகர வைத்தியர்கள் 1973இல் ஒரு பயிற்சி முறையை வெளியிட்டனர். அன்றாடம் தேவைப்படும் சிறு வசனமொன்றை, உதாரணமாக "தண்ணி தாங்கோ" என்பதை, ஏற்ற இறக்கத்தோடு இராகம்போல் இழுத்துச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையால் மேசையில் ஒரு தட்டு. முதலில் பயிற்றுநரும் சேர்ந்து பாடுவார், பிறகு மெல்ல விலகுவார். நாளடைவில் இராகத்தைக் குறைத்து இயல்பான பேச்சுக்குக் கொண்டுவருவார்கள். பல வாரங்கள் பொறுமை வேண்டும். எல்லோருக்கும் பலிக்கும் என்றும் இல்லை. 2011இல் தலையில் சுடப்பட்டுப் பேச்சிழந்த அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் கபிரியேல் கிபர்ட்ஸ், பேச்சுப் பயிற்சியோடு இசைச் சிகிச்சையும் பெற்றே மீண்டும் பேசத் தொடங்கினார். வீட்டில் முயல விரும்புவோர் பேச்சுச் சிகிச்சையாளரிடம் கேட்டுத் தொடங்குவது நல்லது.

பார்க்கின்சன் நோயாளருக்குச் சீரான தாளம் நடையை ஒழுங்காக்குகிறது. மறதி நோயில் பிள்ளைகளின் பெயரே மறந்துபோனாலும் இளமையில் கேட்ட பாடல்கள் பெரும்பாலும் நெடுநாள் நிற்கின்றன. குளிக்கவும் உண்ணவும் மறுக்கும் முதியவர் பிடித்த பாடலுக்கு இணங்குவதைப் பராமரிப்போர் அறிவர்.

ஆனால் நம் மண்ணில் ஒரு கவனம் தேவை. இழந்த பிள்ளையையோ விட்டுவந்த ஊரையோ ஒரு பாடல் நினைவூட்டிவிடலாம். முதியவர் கலங்கினால் பாட்டை நிறுத்தி, பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடல் ஆறுதல், எந்தப் பாடல் வேதனை என்பதை அவர் நினைவோடு இருக்கும்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். இலங்கை வானொலியில் அவர் விரும்பிக் கேட்ட பாடல்களிலிருந்து தொடங்கினால், அவரே மீதியைச் சொல்வார்.