லயக் காம்பராவும் குற்றச் சட்டமும்

லிந்துலைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்த தொழிலாளிக்கு வீடு என்பது லயத்தில் ஒரு காம்பரா. அது அவனுக்குச் சொந்தமன்று, வாடகைக்குப் பெற்றதுமன்று. தோட்டத்திற் பேர் பதிந்திருக்கும் வரையில் அங்கே குடியிருக்கலாம் என்பதே அக்கால நடைமுறை. துரை பத்துச்சீட்டைக் கொடுத்துவிட்டால் வேலை போவதோடு அடுப்பும் அணைய வேண்டியிருந்தது. பாட்டன் காலம் முதல் வாழ்ந்த இடமாயினும் விதி அதுவாகவே இருந்தது.

அவ்வாறு விலக்கப்பட்டவன் வெளியேற மறுத்தால் அவன் குற்றவாளியா? மலைநாட்டு லயங்கள் அனைத்தையும் தொட்ட இக்கேள்விக்கு விடை கண்ட வழக்கு, கேகாலைப் பகுதியிலே தோன்றியது. அங்கே, உருளவள்ளி என்று தொழிலாளர் வழங்கிய நேவ்ஸ்மியர் தோட்டத்தை, கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் சுவீகரித்தது. தொழிலாளருக்கு வேலைநீக்க அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் காம்பராக்களை விட்டு அசையவில்லை. 1946இல் இலங்கை இந்தியன் காங்கிரசின் தொழிற்சங்கம் அவர்கள் சார்பில் வேலைநிறுத்தம் நடத்தியது. இருந்தவர்கள்மீதோ அத்துமீறற் குற்றம் சாட்டப்பட்டது. செல்வநாயகம் என்னும் தொழிலாளி குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார்.

இங்கே சட்டத்தின் சொற்களைச் சற்று உற்று நோக்க வேண்டும். பிறர் நிலத்தில் உரிமையின்றி இருப்பது மட்டும் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகிவிடாது. குற்றம் புரியும் எண்ணமோ, நிலத்தை வைத்திருப்பவரை அச்சுறுத்தும், அவமதிக்கும், தொந்தரவு செய்யும் எண்ணமோ உடனிருத்தல் வேண்டும். 'நீ போகாதிருந்தால் துரைக்குத் தொந்தரவு என்பது உனக்குத் தெரியும். ஆகவே தொந்தரவு செய்வதே உன் எண்ணம்' என்பது வழக்குத் தொடுத்தோரின் வாதம். கேட்பதற்குச் சரிபோலத் தோன்றும். ஆனால் ஒரு விளைவை அறிந்திருப்பது வேறு, அதனையே நாடுவது வேறு அல்லவா?

வழக்கு இலண்டனில் இருந்த கோமறை மன்றம் வரை சென்றது. 1950இல் அம்மன்றம் தொழிலாளியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருவனுடைய முதன்மையான நோக்கம் எதுவென்று காண வேண்டும். இத்தொழிலாளியின் நோக்கம் தான் அறிந்த ஒரே வீட்டில் தொடர்ந்து வாழ்வது. துரைக்கு எரிச்சல் உண்டாகும் என்று முன்னரே தெரிந்திருந்தாலும் அது குற்றமாகாது என்பது அதன் சாரம். அவனுடைய உரிமைக் கோரிக்கை சட்டப்படி பலவீனமானதாயிருப்பினும், அதனை அவன் மெய்யாகவே நம்பியிருந்தால் போதுமானது.

இதனை மன்னிப்பு என்று சொல்வது தவறு. நாட்டுத் தலைவர் வழங்கும் பொதுமன்னிப்பு, குற்றம் நடந்தது என்று ஒப்புக்கொண்டே தண்டனையைத் தள்ளிவிடும். அதனைப் பெற்றவன் கருணைக்குக் கடமைப்பட்டவன். தீர்ப்பைத் தள்ளுபடி செய்தலோ, குற்றமே இல்லை என்று கூறுகிறது. செல்வநாயகம் யாருக்கும் நன்றி கூற வேண்டியிருக்கவில்லை.

எனினும் வெற்றியின் எல்லை குறுகியது. காம்பரா அவருக்குச் சொந்தமென்று மன்றம் சொல்லவில்லை. அவரைக் குற்றவாளியாக்கும் வழியே அடைபட்டது. குடியியல் நீதிமன்றத்தை நாடும் வழி உரிமையாளருக்குத் திறந்தே இருந்தது.

தீர்ப்பு வருவதற்குள் நாட்டிலும் மாற்றம் வந்துவிட்டது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது; லிந்துலையை அடுத்த தலவாக்கலைத் தொகுதியில் சி. வி. வேலுப்பிள்ளை தெரிவானார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றோராக்கியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சியிலிருந்து ஒருவரேனும் பாராளுமன்றம் செல்லவில்லை.