காலடியில் கேட்ட ‘வும்ப்’ ஓசை

சிங்கப்பூரில் வளர்ந்த எனக்குப் பனி என்றாலே அழகுதான். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் கனடாவின் கேல்கரி நகருக்குச் சென்றதும் ராக்கி மலைகளில் ஏறத் துடித்தேன். “முதலில் பனிச்சரிவுப் பயிற்சியை முடித்துவிட்டு வா” என்றனர் அங்குள்ள நண்பர்கள்.

இரண்டு நாள் பயிற்சி அது. முதல் நாளே என் எண்ணம் மாறியது. பனிச்சரிவு மேலிருந்து தானாக வந்து விழும் என்றே நினைத்திருந்தேன். உண்மையில், உயிரைப் பறிக்கும் பனிச்சரிவுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பதை, அதில் சிக்கியவரோ உடன் சென்றவரோதான் தூண்டிவிடுகிறார்.

மலைமேல் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. சீனி போல் உதிரும் ஓர் அடுக்கின்மேல், காற்று கொண்டுவந்து குவித்த கெட்டிப் பனி இருந்தால் ஆபத்து. ஒருவரின் எடை பட்டாலே மேலடுக்கு பலகைபோல் உடைந்து சரியும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது பெரும்பாலும் நிகழ்கிறது. பனிச்சறுக்கு வீரர்கள் விரும்பித் தேடுவதும் அதே சரிவுகளைத்தான்!

இரண்டாம் நாள் மலைக்குச் சென்றோம். வரிசையில் நான் கடைசி. சமதளத்தில் நடக்கும்போது காலடியில் ‘வும்ப்’ என்று ஓர் அமுங்கிய ஓசை. பனி சற்றே கீழிறங்கியது. அடியிலுள்ள பலவீனமான அடுக்கு நொறுங்கும்போது அப்படிக் கேட்கும் என்று முதல் நாள்தான் படித்திருந்தேன். ஆனாலும் தயங்கினேன். முன்னால் சென்றவர்கள் எல்லாரும் அனுபவசாலிகள். பனியையே பார்த்திராத நான் என்ன சொல்வது?

சில அடிகள் நடந்த பிறகு, மனம் கேட்காமல் சொல்லிவிட்டேன். பயிற்றுவிப்பாளர் உடனே நின்றார். குழி தோண்டி, பனியைத் தூண்போல் வெட்டி, அதன்மேல் வைத்த மண்வாரியைக் கையால் தட்டிப் பார்த்தார். சில தட்டுகளிலேயே மேலடுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. உச்சிக்குப் போகாமல் திரும்பினோம். யாரும் முகம் சுளிக்கவில்லை.

சமிக்ஞை அனுப்பும் கருவி, பனியைக் குத்தித் தேடும் நீண்ட கோல், மண்வாரி ஆகிய மூன்றும் எங்கள் எல்லாரிடமும் இருந்தன. ஆனால், புதைந்தவரை 10 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்திற்குள் அது மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது.

2003 பிப்ரவரி 1ஆம் தேதி, பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில், பள்ளிப் பயணம் சென்ற 17 பேர் பனிச்சரிவில் சிக்கினர். மாணவர்கள் எழுவர் மாண்டனர். என்னைவிட இளையவர்கள்.

விடுமுறையில் ஹொக்கைடோவுக்குப் பனிச்சறுக்கச் செல்லும் நண்பர்களே, எல்லைக் கயிற்றைத் தாண்டாதீர்கள். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படியுங்கள். ஏதேனும் சரியில்லை என்று தோன்றினால், குழுவில் நீங்களே இளையவராக இருந்தாலும் வாய்திறந்து சொல்லுங்கள். நான் தயங்கிய அந்தச் சில அடிகளை நினைத்தால் இன்றும் உடல் சிலிர்க்கிறது.