தேங்காய்த் தும்பு நீரை வழியவிட்டு மண்ணை மட்டும் எப்படி நிறுத்துகிறது?

இலங்கையின் மிக ஈரமான இடங்களுள் ஒன்றான வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள றொசல்லவில், நீர் தானே ஓடிவிடும் மலைச்சரிவுக்கும் வடிகால் ஏன் தேவைப்படுகிறது? தென்மேற்குப் பருவமழை மண் துகள்களுக்கிடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்பும்போது அங்கிருந்த காற்று வெளியேறிவிடுவதால், தேயிலை வேர்கள் மூச்சுமுட்டி அழுகத் தொடங்குகின்றன.

சரிவுகளில் தோட்டத் தொழிலாளர் அரும்பாடுபட்டு வெட்டும் கான்களே பெரும்பாலும் போதும். நீர் தேங்கும் பள்ளங்களில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை மண்ணுக்குள் புதைக்கலாம். நுழையும் நீர் நுண்மண்ணையும் இழுத்துவந்து குழாயை அடைத்துவிடாதிருக்க, அதைச் சுற்றித் தேங்காய்த் தும்போ செயற்கை இழைத் துணியோ போர்த்தப்படுகிறது.

தேநீர் வடியை எண்ணிப் பாருங்கள்: முதலில் சிறிது தூள் நழுவினாலும், கண்ணிகளில் தங்கும் பெரிய துணுக்குகளே பின்னர் வரும் தூளைத் தடுத்துவிடுகின்றன. மண்ணிலும் அவ்வாறே, நுண்துகள்கள் கழுவுண்டு போனபின் எஞ்சும் பருமணல், போர்வைக்கு வெளியே இரண்டாவது வடிகட்டியாக அமைகிறது.

தும்பு சில ஆண்டுகளில் மட்கிவிடும். செயற்கைத் துணி நெடுங்காலம் நிலைக்கும், ஆயினும் அதன் கண்ணி மிகச் சிறிதானால் களிமண் படிந்து நீரையும் மறித்துவிடுமாதலால், விலையைவிட மண்ணுக்கேற்ற கண்ணியளவையே முதலில் நோக்க வேண்டும். தென்னையே விளையாத நெதர்லாந்திலும் ஒருகாலத்தில் வயற்குழாய்களுக்குத் தேங்காய்த் தும்பு சுற்றப்பட்டது.