பள்ளியும் ஹள்ளியும்

பிறந்த மண்ணை விட்டு மைசூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் கவலை ஒன்றுண்டு. நம் குழந்தைகள் வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் பேசி, ஈற்றில் இரண்டையும் கெடுத்துவிடுவார்களோ என்பதே அது. அக்கவலை தீர, இரு மொழிக்கும் உள்ள உறவை உணர்த்தும் சொல் ஒன்றை இத்திங்கள் ஆராய்வோம். ‘பள்ளி’ என்பதே அச்சொல்.

பள்ளி என்றவுடன் பிள்ளைகள் பயிலும் கூடமே நினைவுக்கு வரும். ஆயின் அதன் பொருள்கள் பல. பள்ளியறை, பள்ளியெழுச்சி என்னுமிடத்து அது துயிலைக் குறிக்கும். நம் நகரை அடுத்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அரவணைமேல் கிடக்கும் அரங்கனைப் பள்ளிகொண்ட பெருமாள் என்றே வணங்குகிறோம். சமணரும் பௌத்தரும் உறைந்த இடங்களும் பள்ளிகளே. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரையைச் சோழர் செப்பேடு ‘பெரும்பள்ளி’ என்கிறது. அத்துறவிகள் தம் உறைவிடத்திலேயே கல்வியும் கற்பித்தமையால் பள்ளிக்கூடம் என்னும் பெயர் வந்தது என்பர். சிற்றூர், இடைச்சேரி என்னும் பொருள்களையும் நம் அகராதிகள் தருகின்றன.

மலையாள நாட்டில் கிறித்தவர் தேவாலயமும் பள்ளி. இஸ்லாமியர் தொழுமிடமும் பள்ளி. மட்டாஞ்சேரி யூதர் ஆலயமும் பள்ளியே. தெலுங்கில் ‘பல்லெ’ என்றால் கிராமம்.

கன்னடத்திலும் பண்டு இச்சொல் பள்ளி என்றே வழங்கிற்று. கி.பி. 10-ஆம் நூற்றாண்டை ஒட்டிச் சொல்லின் முதலில் நின்ற பகரம் ஹகரமாகத் திரியத் தொடங்கியது. பால் ஹாலு ஆயிற்று. பத்து ஹத்து ஆயிற்று. புலி ஹுலி ஆயிற்று. பள்ளி ஹள்ளி ஆயிற்று. படுவாரஹள்ளியும் குக்கரஹள்ளி ஏரியும் இவ்வரலாற்றை இன்றும் தம் பெயரில் தாங்கி நிற்கின்றன.

இதனைக் கொண்டு கன்னடம் தமிழின் சிதைவு என்று எவரேனும் எள்ளுவாராயின் அது பேதைமை. வேறு சில சொற்களில் பழைய ஒலியைக் காத்து நிற்பது கன்னடமே, மாறியது தமிழ். நாம் செவி என்பதை அவர் ‘கிவி’ என்பர். நம் சேரி அவர்க்குக் ‘கேரி’. தெரு என்பது பொருள். நம் நகரத்துச் சுண்ணதகேரியில் உள்ள கேரி அதுவே. இங்கெல்லாம் ககரமே முந்தியது என்பது மொழிநூலார் முடிபு. ஒரு தாய் வயிற்று மக்களுள் ஒருவர் தாயின் கண்ணையும், மற்றொருவர் அவள் குரலையும் பெற்றாற்போன்றது இது.

மேலை நாட்டு மொழிகளிலும் இவ்வியல்பைக் காணலாம். ஆங்கிலத்தில் ‘டவுன்’ என்றால் நகரம். அதே சொல் ‘ட்ஸௌன்’ என ஒலி திரிந்து ஜெர்மன் மொழியில் வேலியையும், டச்சு மொழியில் சிறிது வேறுபட ஒலித்துத் தோட்டத்தையும் குறிக்கிறது. வேலியடைத்த இடம் என்னும் பழம்பொருளிலிருந்தே மூன்றும் கிளைத்தன.

தென்னாட்டு மொழிகளின் இவ்வுறவை 1816-இல் சென்னையில் எல்லிஸ் எடுத்துரைத்தார். 1856-இல் கால்டுவெல் விரிவாக நிறுவினார். பர்ரோ, எமனோ என்னும் இருவர் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி, பள்ளியையும் ஹள்ளியையும் பல்லெயையும் ஒரே பதிவில் அடக்கியுள்ளது. 1969-இல் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் நம் மைசூரிலேயே இருப்பது நமக்குப் பெருமை.

ஆதலின் பெற்றோர்களே, குழந்தை ‘ஹாலு’ கேட்டால் கடிந்துகொள்ளாதீர்கள். ‘பால்’ என்று எடுத்துச் சொல்லி, இரண்டும் ஒன்றே என விளக்குங்கள். பகரத்தையும் ஹகரத்தையும் இணைக்கத் தெரிந்த பிள்ளை தமிழை மறவாது. அண்டை வீட்டாரையும் அயலாராக எண்ணாது. பள்ளியில் பயின்று ஹள்ளியில் வாழும் நம் மக்கள் இருமொழிச் செல்வமும் எய்தி வாழ்க!