நீளம் சரி, அகலம்?

புதிதாக ஓடத் தொடங்குபவர் காலணிக் கடைக்குச் சென்றால் முதலில் கேட்கப்படுவது பாதத்தின் நீளம். கொஞ்சம் பெரிய கடையாக இருந்தால் பாத வளைவைப் பற்றியும் பேச்சு எழும். தாராபுரம் வட்டாரத்தில், வீட்டுக்குள் வெறுங்காலோடும் தோட்டத்திலும் கடைவீதியிலும் ரப்பர் செருப்போடும் வளர்ந்து, முப்பதிலோ நாற்பதிலோ முதன்முறையாக ஓட்டக் காலணி வாங்குபவருக்கு இவ்விரண்டைக் காட்டிலும் கூடுதலாக உதவும் அளவு ஒன்று உண்டு. விரல்கள் தொடங்கும் இடத்தில் பாதம் எவ்வளவு அகன்றிருக்கிறது என்பதே அது.

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. தென்னிந்தியாவில் காலணியே அணியாமல் வளர்ந்தோரின் பாதங்களை, காலணி அணியும் இந்தியர், மேற்கத்தியர் ஆகியோரின் பாதங்களோடு ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வெறுங்காலோடு வளர்ந்தோரின் முன்பாதம் அகன்றிருப்பதையும், நடக்கையில் உடல் எடை அவர்களது பாதத்தில் பரவலாக இறங்குவதையும் காட்டியது. சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தபோது, இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிடப் பொதுவாக அகலமானவை என்று தெரியவந்தது. அந்தக் கணக்கை வைத்து, வயதையும் பாலையும் ஒட்டி 8 பிரிவுகள் கொண்ட ‘பா’ என்னும் இந்திய அளவுமுறை 2024-இல் முன்மொழியப்பட்டது. ஆயினும், கடையில் ‘எட்டு’, ‘ஒன்பது’ என்று நாம் சொல்லிப் பழகியவை பிரிட்டிஷ் அளவெண்களே. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே மூன்றில் ஒரு அங்குலம், அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் நீள வேறுபாடு உண்டு என்பதை மட்டும் அவை சொல்கின்றன. அகலத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அகலத்தைத் தீர்மானிப்பது ‘லாஸ்ட்’ எனப்படும் பாத வடிவ அச்சு. காலணியின் மேற்பகுதியான அப்பரை இந்த அச்சின்மீது இழுத்துப் பொருத்தித்தான் அதற்கு உருவம் கொடுக்கிறார்கள். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் அன்றாடம் நடக்கும் வேலை இது. உலகச் சந்தைக்கான ஓட்டக் காலணிகள் செய்யாற்றுத் தொழிற்பேட்டை வரை வந்து தைக்கப்பட்டாலும், அச்சின் வடிவம் வாங்கும் நாட்டின் பாதத்தை ஒட்டியே அமைகிறது. விளைவாக, அகன்ற பாதமுடையவர் பக்கவாட்டு இறுக்கத்துக்கு அஞ்சி ஓர் எண் பெரியதாக வாங்குகிறார். அப்போது குதிகால் வழுக்குகிறது, காலணி மடங்கும் இடமும் விரல்கள் மடங்கும் இடமும் விலகுகின்றன, கொப்புளமும் கறுத்த நகமும் வந்து சேர்கின்றன. ‘போடப் போடச் சரியாயிடும்’ என்னும் கடைக்காரரின் ஆறுதல் தோல் செருப்புக்குப் பொருந்தலாம்; ஒட்டி உருவாக்கப்பட்ட செயற்கை இழை அப்பர் அவ்வளவாக இளகுவதில்லை.

இதைக் கடையிலேயே கண்டறிய எளிய வழி, உள்ளே கிடக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, ஓடும்போது அணியும் காலுறையோடு அதன்மேல் முழு எடையோடு நிற்பதாகும். சுண்டுவிரல் பக்கத்தில் பாதம் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்த மாதிரி அவருக்கு உரியதன்று. நீளமான விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். இரு பாதங்களில் பெரியதற்கே அளவு பார்க்க வேண்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையே இதற்கு ஏற்றது. சில நிறுவனங்கள் ஆண்களுக்கு 2ஈ, 4ஈ என்று குறித்து அகல வகைகளை விற்கின்றன. பெண்கள் அதே நீளமுள்ள ஆண்கள் காலணியை அணிந்து பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பெண்களுக்கான அச்சு பொதுவாக ஒடுக்கமானது.

பாத வளைவுச் சோதனைக்கு வருவோம். ஈரக் காலைத் தரையில் பதித்து, தடம் நிறைந்திருந்தால் தட்டைப் பாதம் என்றும், அதனால் பாதம் உட்புறம் மிகுதியாகச் சாயும் என்றும், அதைத் தடுக்கும் கெட்டியான காலணி வேண்டும் என்றும் சொல்வது நெடுநாள் வழக்கம். அமெரிக்க ராணுவம், விமானப்படை, கடற்படைத் தரைப்பிரிவு ஆகியவற்றின் புதிய வீரர்களிடம் நடத்தி 2009, 2010-இல் வெளிவந்த சோதனைகள் இந்த வழக்கத்தைப் பெரிதும் ஆட்டங்காணச் செய்தன. பாத வடிவம் பார்த்துக் காலணி கொடுக்கப்பட்டவர்களுக்கும், பார்க்காமல் ஒரே வகைக் காலணி கொடுக்கப்பட்டவர்களுக்கும் காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தட்டைப் பாதம் காலணியின் விளைவாகவும் இருக்கலாம் என்பதற்கு நம் பக்கத்துச் சான்று மணிப்பால் மருத்துவர்களின் 1992 ஆய்வு: 2,300 குழந்தைகளில், காலணி அணிந்தோரிடம் 8.6 விழுக்காடும் அணியாதோரிடம் 2.8 விழுக்காடும் தட்டைப் பாதம் காணப்பட்டது. இயக்கவியல் அறிஞர் பென்னோ நிக்கும் அவருடைய குழுவினரும் 2015-இல் முன்வைத்த கருத்து, ஓடுபவர் தமக்கு வசதியாக உணரும் காலணியைத் தேர்ந்தால் உடல் தன் இயல்பான அசைவுப் பாதையிலேயே செல்லும் என்பது. தொடரும் வலியோ பழைய காயமோ உள்ளவர் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மற்றவர்கள் கடைக்கு வெளியே ஐம்பது அடி மெல்ல ஓடிப் பார்ப்பது ஈரத் தடத்தைக் காட்டிலும் நல்ல சோதனை.

அப்படியானால் வெறுங்காலே போதாதா என்று, தை மாதத்தில் தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டத்தைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. அபேபே பிகிலா 1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடுதான் வென்றார். ஆனால் நடையில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கிறது. ஓட்டத்தில் ஒவ்வொரு காலூன்றலிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. அதைத் தாங்க எலும்பும் தசைநாரும் மாதக்கணக்கில் பழக வேண்டும். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்கால் ஓட்டத்தை நினைத்துப் பார்க்கவே கூடாது. காலணியோடு ஓடும்போதும் அதன் மென்மைக்குப் பங்கு உண்டு: லக்சம்பர்க்கில் 848 பேரைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியான ஆய்வு, கெட்டியான மிட்சோல் அணிந்தோருக்குக் காயம் மிகுதி என்று கண்டது. மிட்சோல் என்பது மேற்பகுதிக்கும் தரையைத் தொடும் ரப்பருக்கும் நடுவே உள்ள நுரை அடுக்கு. மென்மையின் பயன் கனத்த உடலினரைவிட மெலிந்தவர்களுக்கே தெளிவாகத் தெரிந்தது என்பது எதிர்பாராத முடிவு.

மென்மைக்கும் இங்கே ஓர் எல்லை உண்டு. உடுமலை சாலையிலோ கரூர் சாலையிலோ தாரில் மட்டும் ஓடுபவருக்கு எந்த நுரையும் பொருந்தும். கிளுவை வேலிகளுக்கு இடையே செல்லும் இட்டேரியிலும், வெள்வேல் மரங்கள் நிற்கும் கொறங்காட்டு மேய்ச்சல் நில ஓரத்திலும் ஓடுபவர், அடியில் ரப்பர் பட்டை முழுதாக ஒட்டப்பட்ட காலணியைத்தான் பார்க்க வேண்டும். எடையைக் குறைப்பதற்காக நுரையை வெளியே தெரியவிட்ட மாதிரிகளில் முள் நேராக ஏறிவிடும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்காக 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கப் பள்ளி மைதானத்தில் பயிலும் இளைஞருக்கு எடை குறைந்த சாதாரணக் காலணியே போதும். கார்பன் தகடு பதித்த பந்தயக் காலணிகள் தொடக்கநிலையாளருக்கு வேண்டாத செலவு.

விலையைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிக்குச் சரக்கு, சேவை வரி 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 விழுக்காடு. முதல் ஜோடியை அந்த வரம்புக்குள்ளேயே தேடுவதில் தவறில்லை. ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று விற்கப்படும் போலிகளைத் தவிர்க்க வேண்டும். பெரிய பெயரின் சின்னம் அவற்றில் அப்படியே இருக்கும், உள்ளிருக்கும் நுரைக்கு எந்த உறுதியும் இராது.

நுரைக்கும் ஆயுள் உண்டு. 500 முதல் 800 கிலோமீட்டர் வரை என்பது பொதுக் கணக்கு. வாரம் 15 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 500 கிலோமீட்டர் என்பது எட்டு மாத அளவில் முடியும். துவைத்துச் சித்திரை வெயிலில் காயப்போட்டால் நுரையும் பசையும் அதற்கு முன்பே கெடும். நிழலில், உள்ளே செய்தித்தாள் திணித்து உலர்த்துவதே முறை. புதிய ஜோடி வந்ததும் பழையதை உடனே தள்ளிவிடத் தேவையில்லை. 264 பேரை 22 வாரங்கள் கவனித்த மற்றொரு லக்சம்பர்க் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் காய வாய்ப்பு 39 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆகவே, அடிப்புறம் முழுதாகத் தேயாத பழைய ஜோடியைக் குறுகிய ஓட்டங்களுக்கு இன்னும் சில வாரங்கள் வைத்துக்கொள்ளலாம்.