பழைய கிராமபோன் பெட்டியின் மெருகு

மலைநாட்டுத் தோட்டத்துப் பங்களாக்களிலும் வேறு சில இல்லங்களிலும் பாட்டன் காலத்துக் கிராமபோன் பெட்டி ஒன்று இன்றும் ஒரு மூலையில் இருத்தல் கூடும். அதனைப் புதுப்பிக்க விரும்புவோர் பலர், மரத்தைச் சுரண்டிப் புதிய வார்னிஷ் பூசினாற் போதும் எனக் கருதுகின்றனர். இக்கருத்துப் பொருந்துமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஒலியைப் பதிந்து மீட்டும் கருவியை எடிசன் 1877 இல் ஆக்கினார். தட்டையான இசைத்தட்டைக் கொண்ட கிராமபோனுக்குப் பேர்லினர் 1887 இல் உரிமை பெற்றார். தொடக்கத்தில் ஊதுகுழல் வெளியே நீண்டிருந்தது. அமெரிக்காவின் விக்டர் கம்பனி 1906 இல் அதனைப் பெட்டியினுள் மறைத்த பின்னர், இக்கருவி கூடத்திற்கு அழகூட்டும் தளபாடமுமாயிற்று.

அக்காலத்துப் பெட்டிகள் பலவற்றிற்கு இடப்பட்டது அரக்கு மெருகு. பலாசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. அது மதுசாரத்திற் கரையும். மதுசாரம் ஆவியானதும் மீண்டும் படலமாக இறுகும். ஆகவே, வெடித்துப்போன பழைய மெருகையே இளக்கி, மீண்டும் ஒன்றுசேர்த்துவிடலாம். சுரண்ட வேண்டிய தேவை இல்லை. மணற்கடதாசியால் தேய்ப்பின், மேலே ஒட்டப்பட்ட மெல்லிய மரத்தகடும் நூறாண்டு முதிர்ந்த நிறமும் ஒருங்கே அழியும். அவற்றை எக்கைவினைஞராலும் மீளத் தர இயலாது.

முதலில், மென்துணியில் டர்பன்டைன் சிறிது தோய்த்துப் புகையையும் பழைய மெழுகையும் துடைத்தெடுக்க வேண்டும். பல பெட்டிகளுக்கு இதுவே போதியதாகும். போதாதெனின், கண்ணிற் படாத ஓரிடத்தில், ஸ்பிரிட்டு எனக் கடைகளில் விற்கப்படும் மெதிலேற்றிய மதுசாரத்தை ஒரு துளி வைத்துப் பாருங்கள். அவ்விடம் பிசுபிசுத்தால் அது அரக்கு. பிசுபிசுக்காவிடின் பூச்சு வேறு வகையினது. அதற்கு இம்முறை உதவாது. அரக்காயின், மென்தூரிகையால் மதுசாரத்தை மெல்லியதாக ஒருமுறை தடவி, நன்கு உலரவிடுக. பின்னர், பஞ்சைத் துணியிற் பொதிந்து, மதுசாரத்திற் கரைத்த அரக்கில் நனைத்து, மரத்தின் இழையோட்டத்தின் வழியே பல மெல்லிய பூச்சுகள் இடலாம்.

டிக்கோயா போன்ற இடங்களில் இதற்கு நாள் பார்த்தல் அவசியம். மதுசாரம் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்புக் குளிர்கின்றது. மூடுபனி வேளையில் காற்றின் ஈரம் அதிற் படிந்து, மெருகு பால்போல் வெளுத்துவிடும். எனவே, தைமுதல் மாசிவரையுள்ள வரண்ட நாட்களில், வெயிலேறிய பின் வேலையைத் தொடங்குதல் நன்று. மதுசாரம் எளிதில் தீப்பற்றுமாதலால் அடுப்பும் விளக்கும் அருகில் இருத்தலாகாது.

மூடியிலுள்ள கம்பனி முத்திரையின்மேல் மதுசாரம் படாதவாறு காத்துக்கொள்ளுங்கள். அது கரைந்து போகக்கூடும். இசைத்தட்டுகளை வேறறைக்கு அகற்றிவிடுங்கள். பழைய இசைத்தட்டுகளிற் பெரும்பாலானவை கற்றூளை அரக்கினாற் பிணைத்துச் செய்யப்பட்டவை. பெட்டியின் மெருகை மீட்கும் அதே மதுசாரம், தட்டிலுள்ள பாட்டை அழித்துவிடும்.