நள்ளிரவில் இடி... ஏரியில் வலை! பழவேற்காடு மீனவக் குடும்பங்கள் மாலையிலேயே செய்ய வேண்டியவை

"அடுத்த 3 மணி நேரத்தில் இடி, மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு..." வானிலை ஆய்வு மையத்தின் இந்த அறிவிப்பு பகலில் வந்தால், கொடியில் காயும் துணியை எடுத்து உள்ளே போடலாம். இரவு 11 மணிக்கு வந்தால்? மீஞ்சூர் ஒன்றியத்தின் பழவேற்காட்டுக் குப்பங்களில் வீட்டில் இருப்பவர்கள் தூங்கியிருப்பார்கள். ஏரிக்குப் போனவர்கள் வலையோடு இருப்பார்கள்.

ஏன் இரவில் வருகிறது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை, பகல் வெயிலில் உள்மாவட்டங்களிலும் ஆந்திர எல்லையிலும் இடிமேகங்கள் திரளும். மேல்காற்று அவற்றைக் கிழக்கே தள்ளிக் கடற்கரைக்குக் கொண்டுவரும்போது பல நாள் இரவாகிவிடும். அதனால் மாலையில் வானம் தெளிவாக இருக்கிறது என்று நம்பிவிட முடியாது.

பாடு தவறினால் நஷ்டம்

பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்க 'பாடு' என்ற முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் மீனவர்கள் முறை வைத்து வலை போடுவார்கள். இறால் அதிகம் நடமாடுவது இரவில்தான். தன் முறை வந்த இரவில் வீட்டில் இருந்தால், அந்த வருமானம் போச்சு. 'மின்னல்தானே, பார்த்துக்கலாம்' என்று படகை எடுப்பது இதனால்தான்.

ஆனால், திறந்த ஏரியில் படகில் நிற்பவர்தான் உயரமான பொருள். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னலுக்குப் பலியானவர்கள் 2,887 பேர். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை உள்ள இரவில் பாட்டை வேறு நாளுக்கு மாற்றித் தருவது என்று ஊர்க்கூட்டத்தில் முன்பே பேசிவைத்தால், உயிரா வருமானமா என்ற கேள்வி ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் விழாது.

இருட்டும் முன்...

* 'தாமினி', 'டிஎன் அலர்ட்' செயலிகளைப் பாருங்கள். தாமினி, சுற்றி 20 முதல் 40 கி.மீ.க்குள் விழும் மின்னலைக் காட்டும்.
* போன், டார்ச், பவர் பேங்க்கை மாலையிலேயே சார்ஜ் செய்யுங்கள்.
* படகை இரட்டைக் கயிற்றில் கட்டுங்கள். இன்ஜின், வலையை மேட்டில் வையுங்கள்.
* ஏரிக்குப் போனவர் இருக்கும் வீட்டில் ஒருவர் விழித்திருந்து எச்சரிக்கையைப் போனில் சொல்லுங்கள்.

ஏரியில் மாட்டிக்கொண்டால்...

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் சுமார் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. வலையை விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள். முடியாவிட்டால், கோலைப் படுக்க வைத்து, இன்ஜினையும் தண்ணீரையும் தொடாமல் படகுக்குள் தாழ்வாக உட்காருங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மறுபடி ஏரியில் இறங்கலாம்.

வீட்டில்...

டி.வி., ஃபிரிட்ஜ் பிளக்கை இடி தொடங்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். இடிக்கும்போது குளிப்பது, குழாயில் பாத்திரம் கழுவுவது, சார்ஜில் போட்டபடி போன் பேசுவது வேண்டாம். ஓலை, தகரக் கொட்டகையில் இருப்பவர்கள் முன்கூட்டியே பக்கத்துக் கான்கிரீட் வீட்டுக்குப் போய்விடுங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பி அருகே போகாதீர்கள்.

மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்காது. தயங்காமல் தொடலாம். மூச்சு இல்லையென்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள்.

போனில் பதிந்துவைக்க: மாவட்டப் பேரிடர் உதவி 1077, மாநில உதவி 1070, கடலோரக் காவல் படை 1554, மின்னகம் 94987 94987.